நாலு மணிக்குள் லோஸ்டிவா

ரஸியாவைப் பற்றிப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அதில் ஒரு வரி பொய். ‘கணவர் கலீலுடன் ஐரோப்பா சென்று’ என்று போட்டிருந்தார்கள். அந்தக் கலீல் நான்தான். ஐரோப்பா வரைக்கும் கூடத்தான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு அவளோடு நான் போய்ச் சேரவில்லை. அந்த நிருபர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கடைக்கு வருகிறவர்களெல்லாம், கூடவே இருந்து ஜெயிக்க வைத்துவிட்டீர்களே பாய் என்று முதுகில் தட்டுகிறார்கள். எனக்குக் கூசுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்டை ஒட்டி எங்கள் கடை. கயிறும் தார்ப்பாயும் விற்கிறோம். கடை கேரளத்தில் இருக்கிறது, கடைக்கு முன்னால் நின்று சத்தம் போட்டால் தமிழ்நாட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற லாரிகள் முன்பெல்லாம் இங்கே காகிதத்தில் முத்திரை வாங்க மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று என் அத்தா கடை வாசலில் ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கேரம் போர்டை வைத்தார். ஆட வருகிறவன் போகும்போது இரண்டு முழம் கயிறாவது வாங்குவான் என்பது அவர் கணக்கு.

ரஸியா பாலக்காட்டுக்குப் பக்கத்தில் புதுநகரம் என்கிற ஊர்க்காரி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தாள். மதியம் நான் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வாள். கயிற்றை அளந்துகொண்டே ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு மதுரை டிரைவர், மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த காயைக் காட்டி, இது யார் அடித்தாலும் விழாது என்று சத்தியம் செய்திருக்கிறார். இவள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஸ்ட்ரைக்கரை வாங்கி, எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திருப்பி அந்தக் காயைக் குழியில் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து லாரி நின்றதும் டிரைவர்கள் கேட்பது தார்ப்பாய் இருக்கிறதா என்று இல்லை, அக்கா இருக்காங்களா என்றுதான். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. என்னையும் அவள் எல்லோர் முன்னாலும் இருபத்தைந்துக்கு மூன்று என்று தோற்கடித்த பிறகு, எரிச்சல் போய் வாய் அடைத்துவிட்டது.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செக்போஸ்டில் வண்டி வரிசை நீண்டால் கோபாலபுரத்துக்காரன் எவனும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க மாட்டான். இறங்கி, பையைத் தோளில் போட்டு, பொடிநடையாக எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறிவிடுவான். கொரோனா காலத்தில் இரண்டு பக்கத்து பஸ்ஸும் அவரவர் எல்லையிலேயே நின்றுவிட்டதால், இந்தப் பழக்கம் எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. எல்லையைக் கண்டால் கால் தானாக இறங்கும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். 2019இல் மாநிலத் தேர்வுப் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. மாவட்டத்தில் முதலாவதாக வந்து அவள் போயிருந்த போட்டி. காலை பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். அதிகாலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். தெரிந்த லாரிக்காரர் ஒருவர் தார்ப்பாய் கிழிந்து நிற்கிறார் என்று நான் கடையைத் திறந்தேன். ஐந்து நிமிடம் என்றேன், முக்கால் மணி ஆனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. தாளில் அவள் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் என்று எழுதியிருந்தார்கள். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்த தடவ பாத்துக்கலாம் உடு” என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேரம் போர்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. கொரோனா வந்து எல்லையை மூடியபோது, ஒன்பது லாரிக்காரர்கள் எங்கள் கடைக்கு முன்னால் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள், நான்காம் நாள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல் பரணிலிருந்து போர்டையும் இறக்கிக் கொடுத்தாள். ஒருவர் அடித்த அடியைப் பார்த்துப் பொறுக்காமல் அவளும் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவளை யாரும் எழுப்ப முடியவில்லை. மூன்று வருடத்தில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தாள். போன வருடம் அட்ரியாட்டிக் கடலோரத்தில், மாண்டினீக்ரோ நாட்டில், லோஸ்டிவா என்கிற ஊரில் நடக்கும் போட்டிக்குக் கேரளத்திலிருந்து அனுப்பிய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

கிளம்பும் முன் ஒன்றே ஒன்று சொன்னாள். தோற்றால் கவலையில்லை, அந்தப் பெண் என்னைவிட நன்றாக ஆடினாள் என்று வந்து சொல்லிக்கொள்வேன். ஆனால் இன்னொரு முறை ஆப்சென்ட் என்று எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டேன், அப்படி ஆனால் அத்தோடு கேரமைத் தொடவும் மாட்டேன் என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் எனக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் விசா கடைசியாக வந்தது. மற்ற நான்கு பேரும், அணியைக் கூட்டிப் போகிற சந்துருவும் மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டார்கள். நாங்கள் பின்னால் புறப்பட்டோம். நடுவில் விமானம் தாமதமாகி ஒரு நாள் போயிற்று. போட்டி தொடங்கும் அன்று காலையில்தான் பக்கத்து நாடான குரோஷியாவில், டுப்ரோவ்னிக்கில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் போய் எல்லையைத் தாண்ட வேண்டும், அப்புறம் வண்டிகளை ஏற்றிக்கொள்ளும் ஜங்கார் படகில் ஒரு கடல் வாயைக் கடக்க வேண்டும், அதற்கப்புறம் லோஸ்டிவா. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் என்றார்கள். அவளுடைய ஆட்டம் மாலை நாலு மணிக்கு. பத்தரை மணி பஸ்ஸில் ஏறினோம். ஒன்றரைக்குப் போய்விடலாம், குளித்துச் சாப்பிட்டுவிட்டே ஆடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். என் கணக்கு என்றைக்குத்தான் சரியாக வந்திருக்கிறது!

விடுமுறைக் காலம். ஐரோப்பாவே கடலில் குளிக்கக் கிளம்பி வந்திருந்தது. எல்லைக்கு முன்னால் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு மணி நேரத்தில் பத்து கார் தூரம் நகர்ந்திருப்போம். வெயிலில் கார்களின் கூரை பளபளக்க, மேட்டுக்கு மேல் வரைக்கும் வரிசை தெரிந்தது. மணி பன்னிரண்டே முக்கால். சந்துருவுக்குப் போன் செய்தேன். நாலு மணிக்கு மேல் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது, தான் கெஞ்சிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

ரஸியா எழுந்து நின்றாள்.

“ஏனுங்க, எறங்குங்க. நடந்து அக்கட்டால போயி பஸ் ஏறிக்கலாமுங்க.”

“இது கோபாலபுரமில்ல புள்ள. பேசாம பொட்டாட்ட உக்காரு” என்றேன்.

பஸ்ஸுக்கு அடியில் நம் இரண்டு பெட்டி இருக்கிறது, பாஷை தெரியாது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் நியாயமான காரணங்கள், இப்போதும் அதைத்தான் சொல்வேன். பாஸ்போர்ட், போட்டிக் கடிதம், ஸ்ட்ரைக்கர் மூன்றும் தன் தோள்பையில் இருக்கின்றனவா என்று ரஸியா தொட்டுப் பார்த்தாள். டிரைவரிடம் போய்க் கதவைத் தட்டிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார், கையை விரித்தார், கடைசியில் திறந்துவிட்டார். படியில் இறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பெட்டிய பாத்துக்குங்க. நான் முன்னால போறேன்.”

அவ்வளவுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சைச் சேலை, தலையில் முக்காடு, தோளில் பை. நிற்கிற காரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி மேட்டில் ஏறி மறைந்துவிட்டாள். அவளிடம் இருந்த போனில் அந்த ஊர் சிம்கூட இல்லை.

இனி நான் சொல்வது அவள் சொன்னது. கூட்டிச் சொல்லியிருந்தால் அது அவள் பாடு.

முதல் சாவடியில் இருந்த அதிகாரி இவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கார் எங்கே என்று கேட்டாராம். இவள் தன் காலைத் தொட்டுக் காட்டினாளாம். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாருடையதும் இல்லாத ஒரு சாலை, இரண்டு பக்கமும் மரம். ஒரு மைலுக்கு மேல் இருக்கும். காரில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் கை காட்ட, இவளும் காட்டிக்கொண்டே நடந்திருக்கிறாள். இரண்டாவது சாவடியிலும் முத்திரை வாங்கிக்கொண்டாள். மணி ஒன்று நாற்பது. நான் அப்போது அவள் இறங்கின இடத்திலிருந்து இரண்டு பஸ் நீளம் நகர்ந்திருந்தேன்.

அங்கேதான் கோபாலபுரத்துக்காரியின் தப்பு தெரிந்தது. அந்தப் பக்கம் பஸ் இல்லை. எல்லைக்கு அக்கட்டால் ஒரு பஸ் நிற்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல அதை நம்பியிருக்கிறாள். பஸ் நிற்கிற இடமும் இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. சாலையும் ஒரு பெட்ரோல் பங்கும்தான். இருபது நிமிடம் வெயிலில் நின்று பார்த்தாள். அழுகை வந்ததாம், அதையும் மறைக்காமல் சொன்னாள். பேசாமல் பஸ்ஸிலேயே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் நினைத்ததாகவும் சொன்னாள். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெட்ரோல் பங்கில் ஒரு சின்ன வேன் நின்றது. பின்னால் பீச் பழப் பெட்டிகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். கயிறு அவிழ்ந்து, கடல் காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்று அதைக் கட்டுவதும், அது அவிழ்வதும், அவள் திட்டுவதுமாக இருந்தாள். ரஸியாவுக்குக் கை நிற்கவில்லை. தப்பாகக் கட்டிய கயிற்றைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நேரே போய்க் கயிற்றை வாங்கினாள். கொக்கியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு கண்ணி, அதற்குள் விட்டு இழுத்து ஒரு முடிச்சு. எங்கள் கடைக்கு வருகிற லாரிக்காரர்கள் எல்லோரும் போடுகிற முடிச்சுதான். நான்கு மூலையும் கட்டி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. தார்ப்பாய் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. அந்தப் பெண் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம்.

ரஸியா கடிதத்தை எடுத்து ஊர்ப் பெயரைக் காட்டினாள். நாலு விரலைக் காட்டினாள். பிறகு காற்றில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குக் கேரம் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனால் நாலு மணி என்றால் நாலு மணிதான் என்று புரிந்துகொண்டாள். முன் சீட்டில் கிடந்த கூடையைப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். ரஸியா இன்றைக்கும் அவளைப் பழக்காரக்கா என்றுதான் சொல்வாள். பழக்காரக்கா வண்டி ஓட்டிய வேகத்தில் தான் கலிமா சொல்லிக்கொண்டே போனதாகச் சொன்னாள். மூன்று மணிக்கு ஜங்காரில் வண்டி ஏறியது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நீலமாகக் கடல். ஒரு பீச் பழத்தைச் சேலையில் துடைத்துத் தின்றாள், காலையிலிருந்து அதுதான் சாப்பாடு.

மூன்று ஐம்பதுக்கு லோஸ்டிவாவின் கோட்டை வாசலில் வண்டி நின்றது. அதற்கு மேல் வண்டி போகாது. மதிலுக்குள் இருக்கிற பழைய ஊர் முழுக்கக் கல் சந்துகளும் படிகளும்தான். பழக்காரக்காவுக்குச் சரக்கு இறக்க வேண்டும். கையை உயர்த்தி மேலே எங்கேயோ காட்டிவிட்டு முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நான் அங்கே பஸ்ஸில் மூன்று ஐம்பத்தைந்துக்குச் சந்துருவுக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றார். நாலு ஐந்துக்குச் செய்தேன். எதிராளி உட்கார்ந்துவிட்டாள், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றார். நாலு பத்துக்கு எங்கள் பஸ் ஒருவழியாக எல்லையைத் தாண்டியது. நான் வாங்கியிருந்த சிம் அடுத்த நாட்டில் வேலை செய்யாது என்று அப்போதுதான் தெரிந்தது. போன் செத்துவிட்டது. யா அல்லா, இவளை நான் மறுபடியும் கெடுத்துவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னேன். கூட இறங்கியிருக்க வேண்டும், அல்லது இறங்க விட்டிருக்கக் கூடாது. இரண்டும் செய்யாமல் பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். வாங்கி, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

ரஸியா அந்த நேரத்தில் சந்துகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. கடிதத்தைக் காட்டினால் ஒருவர் வலது பக்கம் காட்டுகிறார், ஒருவர் படியைக் காட்டுகிறார். பாதிப் பேர் அவளைப் போலவே வெளியூர்க்காரர்கள். ஒரே கிணற்றை இரண்டு முறை தாண்டினாள். மாதாகோயில் மணி நாலு அடித்தது. அது அடித்து ஓய்ந்ததும் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டக்.

கண்ணைத் திறக்காமல் கேட்டாள். டக். டக், டக். இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்ட சத்தம். நாலு மணிக்கு எல்லா போர்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நாலு மணி ஆகும்வரை அந்த ஊரில் எந்தச் சத்தமும் அவளுக்கு வழி சொல்லவில்லை. அவளை விட்டுவிட்டு ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வழி கிடைத்தது. எழுந்தாள். சத்தம் குறைந்தால் திரும்பினாள், கூடினால் ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள். ஒரு வளைவைத் தாண்டி, துணி காய்கிற ஒரு முற்றத்தைத் தாண்டி, திறந்திருந்த ஒரு பெரிய ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். உள்ளே இருபது போர்டு.

நாலு பதின்மூன்றுக்கு உள்ளே நுழைந்தாள். சந்துரு சொன்னது இது: நடுவர் கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ரஸியா மூச்சு வாங்கிக்கொண்டே போய், நாற்காலியில் உட்கார்ந்து, போர்டின்மேல் தன் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். நடுவர் பேனாவை மூடினார்.

எங்கள் பஸ் ஆறு மணிக்கு வந்தது. இரண்டு பெட்டியையும் கல் படியில் இழுத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு, அந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிட்டே போகப் பயமாக இருந்தது. எர்ணாகுளத்துத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது. பெட்டியை விட்டுவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினேன். ரஸியா கலீல். அதற்கு எதிரே எண்கள் இருந்தன. இருபத்தைந்துக்குப் பதினெட்டு. இருபத்தைந்துக்குப் பதினொன்று. வராத ஆளுக்கு எண் போட மாட்டார்கள். இரண்டு இருபத்தைந்தும் அவள் பக்கம். நான் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தேன். அழுதேன், அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சேலை ஓரமெல்லாம் தூசி. செருப்பு ஒன்று வார் அறுந்திருந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் எதிரே போய் நின்றேன். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

“ரஸியா, நீ ஆடுனத பாக்க முடியாமப் போச்சே” என்றேன். அதுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள், என் கையில் நசுங்கிப் போயிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். ஐந்து வருடமாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

“அடுத்த தடவ பாத்துக்கலாம் உடுங்க.”

பெயர் கூப்பிட்டார்கள். அவள் ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய், அவள் உட்காரும் முன்னால் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.